பெல்லிக்கு ஸ்மோகோ கிடையாது

நெவில் ஹார்கின்ஸ் பூனைக்கு ஊசி போடும்போது அதை மடியில் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டு அடுப்படியில் ஒரு குட்டை முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்து, பூனையை மனிதனைப் போல் பிட்டம் பதிய உட்காரவைத்து, அதன் முதுகைத் தன் வயிற்றில் சாய்த்து, இரண்டு முழங்கால்களாலும் லேசாக அணைத்துக்கொள்வார். முடி கத்தரிக்க ஆட்டைப் பிடிக்கிற பிடி அது. கால்கள் தரையை எட்டாதபோது ஆடு திமிறாது. ஆனது ஆகட்டும் என்று தலையைத் தொங்கவிட்டுவிடும். பெல்லியும் அப்படித்தான் தொங்கவிட்டது. அதன் எட்டரைக் கிலோவும் அவர் தொடைகளின் மேல் இரண்டு பக்கமும் வழிந்து கிடக்கும்.

“வலிச்சுதாடா? இல்லல்ல. தடியா, உனக்குத்தான் தோலு கெட்டியாச்சே.”

ஊரில் எல்லாருக்கும் அவர் நெவ்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் கம்பளிக் கொட்டகைகளில் ஆட்டு முடி கத்தரித்தவர். ஹே என்கிற இந்த ஊரைச் சுற்றியிருக்கிற சமவெளியில் அவர் குனிந்து நிற்காத கொட்டகை கிடையாது. குனிந்து குனிந்தே கடைசியில் முதுகு அப்படியே நின்றுவிட்டது. தெருவில் அவர் நடந்து வந்தால் கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல இருக்கும். உள்ளூர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்து நான் பக்கத்து வீட்டில் குடியேறியபோதே அந்த நடைதான். அவர் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான்.

பூனை அவருடையது அல்ல. அவர் மனைவி கோரலுடையது. கோரல் கத்தரிப்பவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவளாக அவரோடு கொட்டகை கொட்டகையாகப் போனவள். பூலிகல் பக்கம் ஒரு கொட்டகையில், ஆட்டின் வயிற்றுக் கம்பளியைத் தனியாக எறிகிற பெட்டிக்குள் கண் திறக்காத குட்டியாக அதைக் கண்டெடுத்தாள். ஆங்கிலத்தில் வயிற்றுக்கு பெல்லி, அதுவே பெயராகிவிட்டது. “பேரு வெச்ச வேளை, வயிறு மட்டும்தான் வளருது,” என்று பின்னால் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்று நெவ் ஒருமுறை சொன்னார். நான் நம்பவில்லை.

“நெசமாத்தான் டீச்சர். சமையல்காரி எங்க உக்காந்து சாப்பிடறது? காலையில நாங்க தின்னும்போது அவ ரொட்டி வாட்டிட்டு நிப்பா. மத்தியானம் கறி போட்டுட்டு நிப்பா. ராத்திரி நாங்க எந்திரிச்சப்புறம் நின்ன வாக்குல எதையாவது வாயில போட்டுக்குவா. ஸ்மோகோவுக்குத்தான் கூடைய எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்கே வருவா. கம்பளி மூட்டை மேல பக்கத்துல உக்காருவா. அவளுக்குன்னு கோப்பை கொண்டுவரமாட்டா. என் கோப்பையில பாதி.”

“கல்யாணமாகி நாற்பது வருஷமும் அப்படியா?”

“அவ பாதி பெரிய பாதி.”

கொட்டகையில் நாள் மணியடித்து நடக்கும். காலை ஒன்பதரைக்கு மணி அடித்தால் கத்தரி நிற்கும். மதியம் மூன்றுக்கு அடித்தால் மறுபடி நிற்கும். அந்த அரைமணித் தேநீர் இடைவேளைதான் ஸ்மோகோ. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் கோரல் அதை விடவில்லை. ஒன்பதரைக்கும் மூன்றுக்கும் தேநீர்க் கெண்டியின் மூடியில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். நெவ் எங்கிருந்தாலும் வருவார். பெல்லியும் வரும். அவர்களுக்கு நடுவே இருக்கிற நாற்காலியில் ஏறி, மேசை விளிம்பில் முன்னங்கால்களை வைத்துக் காத்திருக்கும். சுண்டக்காய்ச்சிய டின் பால் விட்ட தேநீரில் ஆரோரூட் பிஸ்கட்டை முக்கி, பாதியைக் கோரல் தின்று, பாதியை அதன் வாய்க்கு நீட்டுவாள்.

கடைசியில் அவளுக்கு வயிற்றில் புற்று வந்தது. இறுதி வாரங்களில் அந்த ஊறின பிஸ்கட்டைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அதையும் முழுசாகத் தின்னாமல் பாதியைக் கட்டிலுக்குக் கீழே நீட்டுவாள். ஒரு பிற்பகல் நான் துணிகளை மடித்துக்கொண்டு அந்த அறையில் இருந்தேன். அவள் நெவ்வைப் பார்த்து, “யோவ், பெல்லியப் பாத்துக்க. அவனுக்கு ஸ்மோகோவ மட்டும் விட்டுடாத, என்ன?” என்றாள்.

“நீ பேசாம படு.”

“விட்டுடாதய்யா.”

“விடமாட்டேன் போ.”

மறு வாரம் போய்விட்டாள்.

நெவ்வுக்கு அழத் தெரியாது. பூனையைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். வேலையாட்களின் தட்டு காலியாகவே கூடாது என்பது கொட்டகை வழக்கம். அதே வழக்கப்படி பெல்லியின் கிண்ணத்தில் கடையில் விற்கிற காய்ந்த தீனியை எந்நேரமும் குவித்து வைத்திருப்பார். பூனைக்கு வயதாகிவிட்டது, வெளியே போவதும் குறைந்துவிட்டது. ஒரே வருஷத்தில் கதவுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒருமுறை இளைப்பாறுகிற அளவுக்குக் கொழுத்தது.

நெவ்வோடு கொட்டகைகளில் கம்பளியை மூட்டையாக அமுக்கிக் கட்டிய ரெஜ் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வந்தவுடன் பூனையை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கம்பளி மூட்டையைத் தராசு இல்லாமலே எடை சொல்கிற கை.

“எட்டரைடா கிழவா. ஒன்றரை ஆட்டு முடி. இதுக்கு எப்ப கத்தரி போடப் போற?”

“கீழ வைடா. மூச்சு முட்டுது அவனுக்கு.”

“எனக்குத்தான் முட்டுது.”

பிறகு பெல்லி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கிண்ணத்துத் தண்ணீர் போதாமல் குளியலறைத் தரையை நக்கியது. அது மூத்திரம் பெய்கிற மண் தட்டு காலையிலேயே சேறாகிவிடும். அப்புறம் பின்னங்கால்கள் தளர்ந்து, விரல்களில் நிற்காமல் குதிகாலை ஊன்றித் தரையோடு தரையாக நடந்தது. நெவ் முதலில் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். “பாருங்க டீச்சர், என்னைய மாதிரியே நடந்து காட்டறான்.” ஆனால் அன்றைக்கே என் காரில் கால்நடை மருத்துவரிடம் போனோம்.

டாக்டர் டீகன் வயதில் சின்னவள், ஊருக்குப் புதியவள். காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“சுகர் நெவ். மனுஷங்களுக்கு வருமே, அதேதான். ரெண்டு வேளை இன்சுலின் போடணும். ஆனா ஊசியவிட முக்கியம் சாப்பாடு. அந்தக் காய்ஞ்ச தீனி பூராவும் மாவு. அத நிறுத்திடுங்க. நான் சொல்ற டின் கறி மட்டும், அளந்து, ரெண்டு வேளை. எடை மெதுவாத்தான் எறங்கணும், பட்டினி போடக்கூடாது. சரியா நடந்தா சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமப் போயிடும்.”

“போயிடுமா?”

“போயிடலாம்.”

“அப்ப இவனுக்கும் போயிடும்,” என்றார் நெவ்.

அன்று மாலையே மூட்டையில் மீதியிருந்த தீனியைக் கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். காலிக் கிண்ணத்தின் முன் பெல்லி உட்கார்ந்து போட்ட கூச்சல் என் வீட்டுக்கே கேட்டது. அவர் மசியவில்லை. சமையல் தராசை வாங்கி வைத்துக்கொண்டு டின் கறியை நிறுத்துப் போட்டார். பெல்லி முதலில் அதை முகர்ந்து, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி மூடப் பார்த்தது. விரல் நுனியில் எடுத்து அதன் உதட்டில் தடவித் தடவித்தான் பழக்கினார். ரெஜ் வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து தொத்திறைச்சித் துண்டை எடுத்தபோது நெவ் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இன்னொரு வாட்டி இவனுக்கு எதையாவது நீட்டினே, அந்தக் கைய இடுப்போட சேத்துக் கட்டிடுவேன்.”

“அட, ஒரு துண்டுடா.”

“ஒரு துண்டும் கிடையாது. டாக்டரம்மா சொல்லியாச்சு.”

“பொண்டாட்டி சொன்னதக்கூட நீ இப்படிக் கேட்டதில்லையே!”

இவ்வளவு செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. எடையும் பேருக்குத்தான் குறைந்தது. டீகன் ஒவ்வொரு முறையும் ரத்தத்தைப் பார்த்து உதட்டைக் கடிப்பாள். மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள்.

“வேற ஏதாவது குடுக்கறீங்களா நெவ்? திட்டமாட்டேன், சொல்லுங்க.”

“கோரல் மேல சத்தியமா இல்ல டாக்டரம்மா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவுல தண்ணிதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. கோரலின் பெயரை வைத்து அவர் பொய் சொல்லக்கூடியவரும் இல்லை.

குளிர்காலத்தில் அவருக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை செய்ய க்ரிஃபித் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பெல்லியை நான் பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடு. முக்காலியில் எப்படி உட்காருவது, முழங்காலால் எவ்வளவு அணைப்பது, பிடரித் தோலை எங்கே தூக்குவது என்று நெவ் இரண்டு நாள் எனக்குப் பாடம் நடத்தினார். “அதிகமா இறுக்காதீங்க டீச்சர். அவன் தப்பிச்சுப் போகலாம்னு நினைக்கணும், ஆனா போக வேணாம்னு அவனே முடிவு பண்ணணும்.” ஒருவேளை மயங்கினால் ஈறில் தேன் தடவச் சொல்லி டீகனும் சொல்லித்தந்திருந்தாள். ரெஜ் தன் வண்டியில் நெவ்வைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் நெவ் காட்டியபடியே எல்லாம் செய்தேன். நிறுத்துக் கறி வைத்தேன். அது தின்ற பிறகே ஊசி போட்டேன். இரண்டாம் நாள் மதியம் போய்ப் பார்த்தபோது பெல்லி அடுப்படிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. தூக்கினேன், கழுத்து நிற்கவில்லை. உடம்பு உதறியது. தேன் ஜாடியில் விரலை விட்டு ஈறில் தடவிக்கொண்டே காருக்கு ஓடினேன்.

டீகன் குளுக்கோஸ் ஏற்றினாள். வெகுநேரம் கழித்துத்தான் பெல்லி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கருவியில் வந்த எண்ணைத் தான் நம்பவே இல்லை என்றாள் அவள். அவ்வளவு கீழே போயிருந்தது சர்க்கரை. என்ன மாற்றினீர்கள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். எதுவும் மாற்றவில்லை என்று நானும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அந்த நேரத்தில் நெவ் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். டீகனுக்கும் கேட்கட்டும் என்று போனை மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“பொழச்சுக்குவானா?”

“பொழச்சுட்டான் நெவ். இப்ப முழிச்சிருக்கான்.”

“சரியாத் தின்னானா?”

“மிச்சம் வைக்காமத் தின்னான்.”

“ஸ்மோகோவும் குடுத்தீங்கல்ல?”

தீனியை நிறுத்தியபோதே அதுவும் நின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். “என்ன ஸ்மோகோ?”

“அவனோட ஸ்மோகோதான் டீச்சர். பிஸ்கட். ஒன்பதரைக்கும் மூணுக்கும். டின் பால்ல முக்கி.” அவர் குரலில் முதல்முறையாக எரிச்சல் வந்தது. “அதக் கூடவா சொல்லித் தரணும்?”

டீகன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

“நெவ், நான் எத்தனை தடவை கேட்டேன், வேற ஏதாவது குடுக்கறீங்களான்னு.”

“சாப்பாட்டப் பத்தித்தானம்மா கேட்டீங்க,” என்றார் அவர். “இது ஸ்மோகோ.”

அவர் அதை ஒளிக்கவே இல்லை. ஐம்பது வருஷம் அவர் வாழ்ந்த உலகத்தில் சாப்பாடு மூன்று வேளைதான். கொட்டகையில் ஒன்பதே முக்காலுக்கு ஒருவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால், வாயில் கேக் இருக்கும்போதே இல்லை என்பான். பகலில் நான் பள்ளியில் இருப்பேன். ரெஜ்ஜுக்குத் தெரியும், ஆனால் அவரும் கொட்டகைக்காரர். அவர் கணக்கிலும் அது சாப்பாட்டில் சேராது.

நெவ் வீடு திரும்பியதும் டீகன் நேரில் வந்தாள். அடுப்படி மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“அந்த பிஸ்கட்டுக்கும் சேத்துத்தான் இத்தனை நாளும் மருந்த ஏத்திட்டே வந்திருக்கேன். பிஸ்கட் நின்னதும் மருந்து அவனையே அடிச்சிடுச்சு. இப்ப ரெண்டையும் நிறுத்தியிருக்கேன். ஊசியில்லாமலே சுகர் சரியா இருக்கு. இனிமே இப்படியே இருக்கலாம். ஆனா ஒரு துணுக்கு கூடக் கூடாது.”

“ஞாயித்துக்கிழமை மட்டும்?”

“கூடாது நெவ்.”

“கால் பிஸ்கட்?”

அவள் தலையை ஆட்டினாள். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா,” என்றார்.

என்ன கேட்டாள் என்று டீகனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பூனையைப் பார்த்துக்கொள் என்று கேட்டாள், ஸ்மோகோவை விட்டுவிடாதே என்று கேட்டாள். அவருக்கு அது ஒரே பேச்சு. இப்போது அதில் ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய முடியாது.

அவர் கெண்டி மூடியில் தட்டுவதை நிறுத்தினார். பயனில்லை. ஒன்பதரை ஆனால் பெல்லி தானாகவே வந்து நாற்காலியில் ஏறி, மேசையில் கால்களை வைத்துக்கொண்டது. பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கரண்டி டின் கறி வைத்தார். அது தட்டைப் பார்த்தது, பிறகு அவர் கையைப் பார்த்தது. சத்தம் போடாது. கூச்சல் போட்டால் அவர் தாங்கியிருப்பார். வாயைத் திறந்து, குரல் வராத ஒரு அழுகை. அதற்குப் பிறகுதான் மெல்லிசாக ஒன்று வரும்.

ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது அதை நேரில் பார்த்தேன். நெவ் எழுந்து தொப்பியை எடுத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஆத்துப் பக்கம்.”

“அவன வேணா என் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா? இந்த நேரத்துக்கு மட்டும்.”

“அவன் வீட்ட விட்டு அவன் எதுக்குப் போகணும்? தராதவன் நான். நான்தான் போகணும்.”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தினம் ஒன்பதரைக்கு முன்னால் முன்கதவு திறக்கும். மழையோ வெயிலோ, குனிந்த முதுகோடு முர்ரும்பிட்ஜி ஆற்றங்கரையில் பெரிய யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே இருக்கிற பெஞ்சுவரை போவார். அரைமணி ஆனதும் திரும்புவார். மூன்று மணிக்கு மறுபடி. நல்ல காலத்திலேயே அது அவருக்குத் தூரம்தான். வாயில் எதுவும் போட்டுக்கொள்ள மாட்டார். வீட்டில் டின் பாலும் பிஸ்கட்டும் வாங்குவதையே நிறுத்திவிட்டார். அவருடைய தேநீரும் அதோடு போயிற்று. ஒரு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“என் மேல வாசம் அடிக்கும் டீச்சர். கண்டுபிடிச்சிடுவான். தான் மட்டும் தின்னுட்டு வந்திருக்கான்னு நினைப்பான்.”

ரெஜ் கேலி பண்ணுவதை விடவில்லை. “எத்தனையோ முரட்டுக் கடாவ மடியில போட்டவன், ஒரு பூனைக்குப் பயந்து ஊர விட்டு ஓடறான் பாரு.” நெவ் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சில நாள் ரெஜ்ஜும் கரையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார். இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சொல் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று ரெஜ்ஜே பிறகு சொன்னார்.

பெல்லி இளைத்தது. முதலில் கழுத்து தெரிந்தது, பிறகு இடுப்பு. பின்னங்கால்கள் மெல்ல நிமிர்ந்து விரல் நுனியில் நடக்க ஆரம்பித்தது. வசந்தம் வந்தபோது வேலிமேல் ஏறி என் சன்னல்வரை வந்தது. டீகன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நெவ்வின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

“இனி ஊசியே தேவைப்படாது நெவ். சாப்பாட்டுலயே சரியாயிட்டான். எனக்கே இது முதல் கேஸ்.”

“கோரல் பாத்தா திட்டுவா,” என்றார் அவர். “பூனையக் காயப் போட்டுட்டியான்னு.” டீகன் சிரித்தாள். அவரும் சிரித்தார். காரில் வரும்போது பெல்லி இருந்த கூண்டின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார். கோட்டுக்குள் அவர் தோள்கள் எவ்வளவு இறங்கிவிட்டன என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பூனையோடு சேர்ந்து அவரும் இளைத்திருந்தார். ஆனால் அவருக்கு யாரும் அளந்து எதையும் வைக்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த சூப்பை மறுநாள் கழுவிய பாத்திரத்தோடு திருப்பித் தருவார். தின்றாரா, கொட்டினாரா என்று கேட்டால், “நல்லா இருந்துச்சு டீச்சர்,” என்பார்.

கோடை வந்தது. சமவெளியில் காற்று நெருப்பாக அடித்தது. ஒரு மதியம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினேன்.

“இன்னைக்கு நாப்பத்தி மூணு டிகிரி நெவ். அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு உக்காருங்க. அரைமணிதானே.”

“கதவச் சாத்தினா வந்து சொறண்டுவான். கேக்குமே.”

“ரேடியோவச் சத்தமா வைங்க.”

“அவ போனப்புறம் ரேடியோ போட்டதில்ல.” தொப்பியின் விளிம்பைத் தொட்டார். “கொட்டகைத் தகரத்துக்குக் கீழ இதவிடச் சூட்டுல நின்னிருக்கேன். போயிட்டு வந்துடறேன்.”

அன்று நெவ் திரும்பவில்லை. ரெஜ்தான் கண்டுபிடித்தார். பெஞ்சில் எப்போதும்போலக் குனிந்து உட்கார்ந்திருந்ததால் ஆற்றைப் பார்க்கிறார் என்றே நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சற்று நேரம் தானும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொல்லும்போதுதான் ரெஜ் உடைந்து போனார். “நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன் டீச்சர். அவன் பக்கத்துலயே. கிழவன் எப்பவும் பேசமாட்டானேன்னு.”

இன்று மதியம் நெவ்வின் அடக்கம். கோரலுக்குப் பக்கத்திலேயே இடம். முடிந்ததும் எல்லாரும் நெவ் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு தட்டில் கேக், சாண்ட்விச், பிஸ்கட் என்று மேசை நிறைந்துவிட்டது. பழைய கொட்டகை ஆட்கள் இறுக்கமான சட்டைக் காலரோடு சுவரோரம் நின்றார்கள். ஒருவர் தேநீர் ஊற்றினார். எல்லாருமே ஒரே நேரத்தில் கோப்பையில் சர்க்கரையைக் கலக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கரண்டிச் சத்தத்துக்குப் பெல்லி வந்தது. காலையிலிருந்து கட்டிலடியில் ஒளிந்திருந்தது, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நுழைந்து வந்து, தாவி, தன் நாற்காலியில் ஏறியது. மேசை விளிம்பில் இரண்டு முன்னங்கால்களையும் வைத்தது. ஒரு பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. இன்னொரு பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று.

ரெஜ் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தன் தேநீரில் முக்கினார். நான் பெல்லியின் முகத்துக்கும் அவர் விரல்களுக்கும் நடுவே என் கையை வைத்தேன்.

“ஒரு நாளைக்கு டீச்சர். இன்னைக்கு ஒரு நாளைக்கு.”

“வேணாம் ரெஜ்.”

“அவனே போயிட்டான். இனிமே யாருக்காக?”

“அவர் இவனுக்காகத்தானே போனாரு.”

ரெஜ் என்னைப் பார்த்தார். ஊறின பிஸ்கட் அவர் விரலிலிருந்து உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. பெல்லி வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. பிறகு மெல்லிசாக வந்தது.

“எல்லாரும் தட்டையும் கோப்பையையும் எடுத்துக்கங்க,” என்றார் ரெஜ். “வெளிய வாங்க. இது அவன் வீடு.”

மேசைமேல் இருந்த தட்டுகளையெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். கோட்டும் காலருமாக அத்தனை பேரும் வரிசையாகப் பின்கதவு வழியாக வெளியே போனோம். கொல்லையில் காய்ந்த புல்லின்மேல், வேலியோரத்து மரத்தின் கிழிந்த நிழலில், இடம் கிடைக்காதவர்கள் வெயிலில், கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அரைமணியும் கேட்டது. அது ஓய்கிறவரை ஒருவரும் கோப்பையில் கரண்டியைப் போடவில்லை. அப்படியே குடித்தோம். கரையாத சர்க்கரை அடியில் தங்கியிருந்தது.